ஓடி வந்து ஊன்றிய கை

செய்தி வந்தபோது நான் சூலக்கரையில், ஆட்சியர் அலுவலகத்தில், வரிசையில் நின்றிருந்தேன். திங்கட்கிழமை. மனு நாள். கையில் இருந்த மனுவில் செண்பகவல்லியின் கையெழுத்து. ஆமத்தூர் சாலையோரம் ஒரு கல் நட அனுமதி வேண்டி. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பட்டாவுக்காக. பின்னால் ஒரு பெண், மகனுக்குக் காது கேட்கும் கருவிக்காக. தொலைபேசியில் முருகேசன், செண்பகவல்லியின் தம்பி. "அக்கா போயிட்டாக" என்றார். பிறகு, "நீங்க மனுவைக் குடுத்துட்டே வாங்க" என்றார்.

கொடுத்துவிட்டுத்தான் போனேன். மனுவை வாங்கியவர், விண்ணப்பதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

செண்பகவல்லியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் அதிகம் பேர் இல்லை. சென்னையில் அவரோடு சிற்பம் படித்தவர்கள். அவருடைய கற்களை ஒன்றிரண்டு கண்காட்சிகளில் பார்த்தவர்கள். சிவகாசியில் தம்பியின் அச்சகத்துக்கு வந்துபோனவர்கள். கடைசி ஆண்டில் அவரைச் சுற்றி இருந்த பட்டாசுத் தொழிலாளர் பெண்கள். இவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கப்போவதில்லை. மீதிப் பேருக்கு நான் சொல்லப்போவது பாதி தெரியும்.

ஒரு வாக்கியத்தை எழுதக் கூடாது என்று எனக்குத் தடை விதித்திருந்தார். "மூச்சு வாங்க முடியாதவ ஓட்டத்தைச் செதுக்கினா, அப்படின்னு மட்டும் எழுதிராதீக புரொபசரே. எந்திரிச்சு வந்து அடிப்பேன்." நான் புரொபசர் இல்லை. விருதுநகரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி அழைப்பார்.

படித்து முடித்த பின் பல ஆண்டுகள் கல்பட்டறைகளில் வேலை செய்தவர். அரைக்கும் இயந்திரத்தால் உலர்ந்த கல்லை அறுத்தவர். வாயில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். தூசி நுரையீரலில் படிந்தது. மதுரையில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, நுரையீரல் இறுகிக் கல் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது என்றாராம். "அதையும் எழுதிராதீக" என்றார் என்னிடம். "டாக்டரே கதை எழுத ஆரம்பிச்சா உங்க பொழப்பு என்னாகும்?"

தடை நியாயமானது. ஆனால் நடந்தது அப்படித்தான் நடந்தது. வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொல்ல முயல்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது அச்சகத்தில். தீபாவளி சீசன் முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்திருந்த மாதம். நாங்கள் நடத்திய சிற்றிதழுக்கு அட்டை அடிக்கப் போயிருந்தேன். கழித்துப்போட்ட தாள்களின் குவியலுக்கு நடுவே ஒரு பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பெட்டிக்கான லேபிள். புலிப் படம். நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார வேண்டும். உட்காராமல் மயிரிழை விலகினால் தாள் வீண். ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்பார்கள். குவியல் முழுவதும் அப்படி விலகிய தாள்கள்.

நல்ல தாள் ஒன்றையும் கழிந்த தாள் ஒன்றையும் எடுத்து, யாரென்று கேட்காமலே என் முன் நீட்டினார். "நல்லா அடிச்சதுல பாருங்க, புலி நிக்கிது. இதுல பாருங்க. பாயுது."

பாய்ந்தது. முதுகில் இரண்டு கோடுகள். ஒன்று, புலி இருந்த இடம். இன்னொன்று, இருக்கப்போகும் இடம். அசைவு என்றால் என்ன என்று குழந்தையிலிருந்தே இந்தக் குவியலில்தான் பார்த்ததாகச் சொன்னார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம். மற்ற ஊர்ச் சிற்பிகள் நடனத்தைப் பார்த்துக் கற்றிருப்பார்கள். இவர் வீணான அச்சைப் பார்த்துக் கற்றவர். முருகேசன் உள்ளேயிருந்து, அக்கா ரசிக்கிற ஒவ்வொரு தாளும் தனக்கு நட்டம் என்று சொல்லிச் சிரித்தார்.

போன கோடையில் ஆமத்தூருக்கு அப்பால் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். இறந்தவர்களில் ஒருத்தி காளீஸ்வரி. வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஓடினாள். வேலியைத் தொடும் முன் விழுந்தாள்.

பிறகு பேச்சு கிளம்பியது. யாரோ கை தவறிப் போட்டிருக்கிறார்கள் என்று. யாரோ என்றது காளீஸ்வரி என்று ஆயிற்று. செத்தவர்கள் மறுத்துப் பேச வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் வசதி.

அவளுடைய அம்மா சீனியம்மாள் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். முன்பு அங்கே லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்தவர் என்பதால் செண்பகவல்லி கல் கொத்துவது அவருக்குத் தெரியும். மகள் விழுந்த இடத்துக்கு நேரே, சாலையோரத்தில், பிளெக்ஸ் பலகை வைத்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கல்யாண வீட்டில் எடுத்த படத்தோடு. "ரெண்டு மாசத்துல வெயிலு முகத்தைத் தின்னுருச்சும்மா" என்றார் சீனியம்மாள். "கல்லுல அடிச்சுத் தாங்க. கல்லை வெயிலு என்ன செஞ்சுரும்?"

மருத்துவர் கல்லைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்த காலம் அது. செண்பகவல்லி என்னைப் பார்த்தார். முருகேசனைப் பார்த்தார். நாங்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தோம். சொல்வதற்குள் அவர், மகளுடைய உயரம் என்ன என்று சீனியம்மாளைக் கேட்டுவிட்டார்.

பேப்பர் ரீல் ஏற்றும் வண்டியில் கருங்கல் வந்து இறங்கியது. அச்சகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பலகைக் கல். காளீஸ்வரி ஓடிவருவதை அதில் புடைப்பாகச் செதுக்குவது என்று முடிவு செய்தார். கை தவறிப் போட்டவள் இல்லை, உயிருக்கு ஓடியவள். அதைக் கல் சொல்ல வேண்டும். அங்கேதான் அவருக்கு வழி அடைத்துக்கொண்டது.

கல் அசையாது. ஆகவே உடம்பில் எது தொங்குகிறதோ அதை அசைத்துக் காட்டுவது நம் சிற்பிகளின் வழி. பின்னால் பறக்கும் முந்தானை. ஒரு பக்கமாக வீசிய சடை. தூக்கிய காலில் முன்னோக்கி வழுக்கி வந்த தண்டை. மார்பை விட்டு விலகி ஆடும் மாலை. கோயில் தூண்களில் பாருங்கள், உடம்பு அநேகமாக நின்றுகொண்டிருக்கும். ஓடுவது நகைதான்.

மருந்து அறைக்குள் போகிற பெண்ணிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது. கொலுசு கழற்றி வீட்டில் வைத்தாயிற்று. வளையல் இல்லை. செருப்பு வெளியே. சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு அதன்மேல் துணி. முந்தானையை இறுகச் செருகி, அதற்கு மேல் அப்பனுடையதோ புருஷனுடையதோ ஒரு பழைய சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டு. ஆடினால் உரசும். உரசினால் பொறி. பாண்டியம்மா இதைச் சொன்னார். விபத்தன்று பக்கத்து அறையில் இருந்து பிழைத்தவர். "எங்க ரூமுல எதுவும் ஆடக் கூடாதும்மா. நாங்களே ஆடக் கூடாது."

அன்று சாயங்காலம் செண்பகவல்லி கல்லுக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். கரித்துண்டு கையிலேயே இருந்தது. "ஆடுறது அம்புட்டையும் கட்டிப்போட்டுட்டாக. நான் எதை வச்சு இவளை ஓடவைக்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஓடச் சொன்னார். சேலைக்கு மேல் சட்டை எப்படி இழுபடும் என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு ஒரு பழைய சேலையைச் சுற்றி, மேலே முருகேசனின் சட்டையை மாட்டிவிட்டார்கள். பாண்டியம்மாவும் அவரோடு வந்த பெண்களும் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை. கொட்டகையிலிருந்து கேட் வரை ஓடினேன். திரும்பி வந்தேன்.

"பஸ்ஸை விட்டவன் மாதிரி ஓடுறீக" என்றார் செண்பகவல்லி. "அடுத்த பஸ்ஸு இருக்குன்னு உங்க காலுக்குத் தெரியும்."

பாண்டியம்மா எழுந்தார். நான் ஓடிக் காட்டுறேன், இந்தத் தம்பி ஓடினா சிரிப்பாணி வருது என்றார். அவரும் சிரித்துக்கொண்டேதான் என்னிடமிருந்து அந்தச் சட்டையை வாங்கி மாட்டினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பொத்தானைப் போடும்போது சிரிப்பு நின்றிருந்தது.

ஓடினார். தலை முதலில் போனது. உடம்பு அதன் பின்னால். கால்கள் எங்கோ பின்தங்கி, விழாமல் இருக்க மட்டும் வந்துகொண்டிருந்தன. அது ஓடிக் காட்டுவது இல்லை. கேட் வந்தது. அவர் நிற்கவில்லை. தெருவைத் தாண்டிவிட்டார். எதிரே மின்கம்பம். அதில் ஒரு உள்ளங்கையை ஊன்றி, குனிந்து நின்றார். முதுகு ஏறி இறங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பின்னால வேற யாரும் வெளிய வரலையா என்று கேட்டார். ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பாண்டியம்மா இப்போதும் மருந்து அறை வேலைக்குத்தான் போகிறார். வேறு ஆலை. அதே சட்டை. வேறு என்ன வேலை இங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அந்த ஓட்டத்தைத்தான் செண்பகவல்லி செதுக்கினார். தலை முன்னால், கால்கள் பின்தங்கி. சட்டையின் முதுகு இறுகி, மடிப்புகள் எல்லாம் ஒரு அக்குளை நோக்கி ஓடின. அதுவும் போதவில்லை. விழுகிறவளும் அப்படித்தான் இருப்பாள் என்றார். பல நாள் உளி வைக்கவே இல்லை. பிறகு ஒருநாள் போனபோது குதிகாலுக்குப் பின்னால், கல்லின் பரப்பில், இன்னொரு குதிகால் இருந்தது. மிக மேலோட்டமாக, நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. முதுகுக்கு ஒன்று. கொண்டைக்கு ஒன்று. உருவம் முழுவதும் ஒரு விரற்கடை விலகி இருந்தது.

வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மட்டும் அந்தக் கோடுகள் தெரியும். விழுந்தபோது நான் என்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவள் வந்துகொண்டிருந்தாள்.

"ரிஜிஸ்டர் விலகிருச்சு" என்றார் செண்பகவல்லி. முகம் முழுவதும் சிரிப்பு. அவரை அப்படி நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

எப்படி வேலை செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரம் இல்லை. உளியும் சுத்தியும் மட்டும். தமக்கு ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் காலியானதும் அதில் தண்ணீர் நிரப்பிக் கல்லுக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக உளி முனையில் தண்ணீர் விழும். தூசி எழாது, சேறாக வழியும். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கொட்டகையில் இரண்டு குழாய்கள், ஒன்று கல்லுக்கு, ஒன்று அவருக்கு. மின்சாரம் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கும். அச்சகத்து ஜெனரேட்டரை முருகேசன் ஓடிப்போய் இழுக்கும்வரை, அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். கண்கள் மட்டும் கூரையைப் பார்க்கும். அந்த இடைவெளியில் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. விசிறினேன். விசிறல் உதவாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். விசிறினேன்.

பட்டாசுக்கு ஆர்டர் பிடிக்கிற சொந்தக்காரர் ஒருவர் வந்தார். வெளியூர் வியாபாரிகள் வரும் சாலை அது, சீசன் நேரத்தில் அங்கே இப்படியொரு கல்லை நட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, கோபமில்லாமல், குடும்பத்துக்கு நல்லது சொல்கிற குரலில் கேட்டார். செண்பகவல்லி அவருக்குக் காபி வரவழைத்தார். "அண்ணாச்சி, ஊரெல்லாம் சத்தத்தை விக்கிறீக. ஒரு கல்லுக்கு இம்புட்டுப் பயந்தா எப்படி?" அண்ணாச்சி காபியைக் குடித்துவிட்டுப் போனார். சாலையோரத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கிவிடுவோம் என்று அதன் பிறகுதான் மனு எழுதினோம்.

பிறகு சீனியம்மாள் கல்லைப் பார்க்க வந்தார்.

முகம் முடிந்திருந்தது. வலது கை மட்டும் மீதி. கல்லின் விளிம்பில் சுற்றிலும் ஒரு சட்டம் விட்டிருந்தார். முன்னால் நீண்ட வலது கை, அந்தச் சட்டத்தோடு ஒட்டிய, இன்னும் செதுக்காத ஒரு முண்டாக இருந்தது. ஓடுகிறவளின் மூடிய முஷ்டியாக அது வரவேண்டும். முஷ்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி அறுப்பது கடைசி வேலை. அறுத்த பின் கை பலவீனமாகிவிடும் என்பதால் தள்ளிப்போட்டிருந்தார்.

மாலை வெயில் தகரத்தின் ஓட்டை வழியாகப் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். சீனியம்மாள் வெகுநேரம் பார்த்தார். மகளின் முகத்தைத் தொடவில்லை. குதிகாலைத் தொட்டார். அதன் பின்னால் இருந்த கோட்டைத் தொட்டார். ஓடுறாளே என்றார். ஆமாம் என்றோம். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஓடிக்கிட்டேவா இருக்கணும்?" என்றார் சீனியம்மாள். "மழை, வெயிலு, ராப்பகலு, எம்மக ஓடிக்கிட்டே இருக்கணுமா? பின்னாடி தீ வந்துக்கிட்டே இருக்குமா? அங்கனயாச்சும் அவ நிக்கக் கூடாதா தாயி?"

குரல் உயரவில்லை. கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் செண்பகவல்லியிடம் சமாதானமாக ஏதோ சொன்னேன். கலைக்கும் துக்கத்துக்கும் உள்ள தூரம் பற்றி, படித்தவை சில. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பேச மூச்சைச் செலவழிக்காமல் செய்கை காட்டப் பழகியிருந்தார். சற்றுக் கழித்துச் சொன்னார்: "அந்தம்மா கேட்டது சரி. கல்லுல ஓடுறவ போய்ச் சேர மாட்டா. நான் அதை யோசிக்கவே இல்ல."

புதிய கல் எடுக்க நேரம் இல்லை. இருக்கும் கல்லில் திருத்துவது என்றால், கல்லில் கூட்ட முடியாது. குறைக்கத்தான் முடியும். முன்னால் சாய்ந்த உடம்பை நிமிர்த்த முடியாது. தூக்கிய குதிகாலை இறக்க முடியாது. அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய ஓட்டம் இப்போது இறங்க மறுத்தது. விலகிய கோடுகளை அரைத்து அழித்துவிடலாமா என்று முருகேசன் கேட்டார். அழித்தால் அவள் விழுகிறவளாகிவிடுவாள்.

அந்த வாரங்களை எழுதத் தெரியவில்லை. படுக்கையைக் கொட்டகைக்கே மாற்றச் சொன்னார். படுத்துக்கொண்டு கல்லையே பார்த்தார். ஒருமுறை, மூச்சுத் திணறி முருகேசனும் நானும் அவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது, என் சட்டையைப் பிடித்து, "அவ நிக்கணும்" என்றார். வேறு ஒன்றும் இல்லை. அவ நிக்கணும். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது. என்னால் ஒரு கோடும் செதுக்க முடியாது.

ஒரு காலையில் உளிச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நீண்ட இடைவெளி. இரண்டு தட்டு. நான் உள்ளே போகவில்லை. அச்சகத்தில் லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

கூப்பிட்டு அவர் காட்டியபோது முதலில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. சாய்வு அதே சாய்வு. தூக்கிய குதிகால் அதே. பின்தொடரும் கோடுகள் அதே. ஆனால் அவள் ஓடவில்லை.

முஷ்டியை அவர் செதுக்கவில்லை. இடைவெளியை அறுக்கவில்லை. சட்டத்தோடு ஒட்டியிருந்த அந்த முண்டை உள்ளங்கையாகத் திறந்திருந்தார். ஐந்து விரலும் விரிந்து, கல்லின் விளிம்பில் ஊன்றிய கை. அவ்வளவுதான். அந்தக் கை வந்ததும் முன்னால் சாய்ந்த உடம்பு, எதன்மீதோ சாய்ந்த உடம்பாகிவிட்டது. இறுகிய முதுகு, மூச்சு வாங்கும் முதுகாகிவிட்டது. தூக்கிய குதிகால் அடுத்த அடிக்காக இல்லை, கடைசி அடியில் இருந்து இன்னும் இறங்கவில்லை. அவள் ஓடி வந்துவிட்டாள். வந்து, பிடித்துக்கொண்டுவிட்டாள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். உடம்பெங்கும் இரண்டு கோடுகள். கையில் ஒரே கோடு.

"கையில மட்டும் ரிஜிஸ்டர் சரியா உக்காந்திருச்சு, பாத்தீகளா" என்றார். அது எனக்கு அவர் சொன்ன கடைசி முழு வாக்கியம்.

இடது பாதம் முடியவில்லை. சீனியம்மாளுக்கு ஆள் அனுப்பியிருந்தோம். அவர் உறவினர் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுவார் என்றார்கள். திங்கட்கிழமை நான் சூலக்கரையில் வரிசையில் நின்றிருந்தேன்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அச்சகம் நின்றிருந்தது. வீட்டு வாசலில் கூட்டம். சற்று நேரத்தில் பாண்டியம்மா வந்தார். ஆலைக்குத் தகவல் போய், போட்டிருந்த சட்டையோடு, கை கழுவாமல், அப்படியே வந்திருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும். வாசலில், வெள்ளையடித்த சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை. மூச்சு அடங்கியதும் உள்ளே போனார். சுவரில், மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி ஒரு கையாகப் பதிந்திருந்தது. சாம்பல் வெள்ளியில், ஐந்து விரலும் விரிந்து.

மனு மேசைகளில் இருக்கிறது. சீனியம்மாள் காத்திருக்கவில்லை. சாலையை ஒட்டித் தமக்கு இருக்கும் மானாவாரி நிலத்தின் வரப்பில் கல்லை நடச் சொல்லிவிட்டார். அங்கிருந்து மகள் விழுந்த இடம் தெரியும். முடியாத இடது பாதத்தை வேறு யாரையாவது வைத்து முடித்துவிடலாமா என்று முருகேசன் கேட்டதற்கு, வேண்டாம், அது மண்ணுக்குள்ள இருக்கட்டும் என்றார். கணுக்கால் வரை குழி தோண்டி நட்டார்கள்.

கல்லை நிமிர்த்திய பிறகுதான் சீனியம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். சட்டத்தின் மறுபக்கம் போய் நின்றார். மகளின் உள்ளங்கைக்கு நேர் எதிரே, கல்லின் வெளி விளிம்பில், தம் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நாங்கள் தள்ளியே நின்றோம்.

"மூச்சு வாங்குறா" என்றார். "வாங்கட்டும்."

இதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு ஆறுதல் எதுவும் தெரியாது. பாண்டியம்மா நாளைக் காலை கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். எந்தக் கல்லும் அதைத் தடுக்காது. தடுக்கும் என்று செண்பகவல்லி நினைத்ததும் இல்லை.

அவருடைய உளிகள் முருகேசனிடம் இருக்கின்றன. கழிந்த தாள்களைத் தம்பியே தீயிலிட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இருப்பது பொருள் இல்லை. ஓடி வந்து நிற்கிற யாரைப் பார்த்தாலும், பஸ்ஸைப் பிடித்தவரோ, மருத்துவமனை வாசலில் வந்து இறங்கியவரோ, என் கண் முதலில் அவர்களுடைய கையைத் தேடுகிறது. அது எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்க்கிறது. பல நேரம் ஊன்ற ஒன்றும் இருப்பதில்லை. கை காற்றில் இருக்கிறது.

பொங்கலுக்கு முருகேசன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். வாசல் சுவரில் அந்தக் கையை மட்டும் விட்டுச் சுற்றிலும் அடித்திருக்கிறார். உள்ளே போகும்போதெல்லாம் நான் அதில் என் கையை வைக்கிறேன். அது என் கையைவிடச் சிறியது. ஒரு நொடி நிற்கிறேன். பிறகு உள்ளே போகிறேன்.